ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்

"ஐம்பத்திரண்டுல பதினேழு போனா நாற்பத்தஞ்சுன்னு வருது டீச்சர். எத்தனை தடவை சொன்னாலும் அதே நாற்பத்தஞ்சுதான்."

பெற்றோருக்கான கணக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் குழந்தைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் இதே பள்ளியில் மூன்றாவது, 'பி' பிரிவு என்று வந்தவுடனே சொல்லியிருந்தாள்.

டீச்சர் தோள்பையைக் கழற்றி வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தாள். இது கவனக்குறைவு இல்லை என்றாள். இரண்டில் ஏழு போகாது. அதனால் குழந்தை ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறது. அதற்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. பக்கத்தில் நின்று 'கடன் வாங்கு, கடன் வாங்கு' என்று கத்தினால் இன்னும் குழம்பத்தான் செய்யும்.

ஒரு தாளில் நீளமாகக் கோடு இழுத்தாள். இந்த முனையில் பதினேழு, அந்த முனையில் ஐம்பத்திரண்டு.

"கழிக்கவே வேண்டாம். தாவித் தாவிப் போகச் சொல்லுங்க. பதினேழுலேருந்து இருபதுக்கு மூணு. அங்கேருந்து ஐம்பதுக்கு முப்பது. அப்புறம் ரெண்டு. மொத்தம் முப்பத்தஞ்சு."

அவள் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். போன வருஷம் வரை இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இப்போது நோட்டை விட்டெறிவதும் அழுகையுமாக வீடே ரெண்டுபடுகிறது. நேற்று அவளும் பொறுமை இழந்து குரலை உயர்த்திவிட்டாளாம்.

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. மறந்தது மெல்ல மெல்லத் திரும்பி வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்றாள்.

"மூணு வாரத்துல பரீட்சை டீச்சர்."

"மூணாம் வகுப்புப் பரீட்சைதானேம்மா. தவறிப்போனா குடியா முழுகிடும்?"

அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தபோது கண் கலங்கியிருந்தது. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றாள். நிஜமாகவே கூட்டி வரலாமா என்று அவள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குக் குடும்பமே வந்து நின்றது. டீச்சர் பெஞ்சைத் துடைத்து, கோடு போட்ட தாளை விரித்து, சிறுமியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பயப்படாம உட்காரு கண்ணு."

"எனக்குக் கழித்தல் நல்லா வரும் மிஸ்" என்றாள் சிறுமி. அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து, அந்தக் குட்டி பெஞ்சில் பதமாக உட்கார வைத்தாள்.

"லேத்துல வேலை செய்யறப்ப தலையில அடி பட்டுடுச்சு டீச்சர்" என்றாள் தாய் மெல்லிய குரலில். "அளவுக் கணக்கெல்லாம் சரியாப் போட்டுக் காட்டினாத்தான் பட்டறையில திரும்ப எடுத்துப்பாங்களாம்."