சுத்தமான கோதுமை

சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத கணவன், அன்று கல்லூரியிலிருந்து திரும்பிய மனைவியைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துப் போனான்.

“அலமாரி மேல இருந்த கோதுமை டப்பா பூரா வண்டு. நீயும் எவ்வளவுதான் பார்ப்பே? நானே ஒழிச்சுக் கட்டிட்டேன்.”

டப்பாவைத் திறந்தவளுக்குக் கண் கலங்கியது. “ஒண்ணுகூட உயிரோட இல்லையா?”

“ஒண்ணுகூட இல்ல. இதுக்குப் போய் அழுவாங்களா? உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?” அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

“யோவ்! அதெல்லாம் என் ஆராய்ச்சிக்காக நான் மாசக்கணக்குல தீனி போட்டு வளர்த்த வண்டுய்யா! நாளைக்குப் பேராசிரியர் முன்னால அதுங்க மேலதான் மருந்தைச் சோதிக்கணும். என் பட்டமே போச்சு!”

அவன் முகம் தொங்கிப்போனது. “பக்கத்துல கிராம்பு எண்ணெய் பாட்டில் இருந்துச்சு. நேத்து பஞ்சுல நனைச்சு உள்ள போட்டு மூடினேன். இன்னைக்குப் பார்த்தா எல்லாம் காலி.”

அழுகை சட்டென்று நின்றது. “அதான்யா அந்த மருந்தே! வேலை செய்யுதா? எத்தனை சொட்டு விட்டே?”

“சமையலறையில யாரு சொட்டு எண்ணுவா? எல்லாம் கண்ணளவுதான்.”

“நேத்துதான்யா உள்ளயே நுழைஞ்சே! அதுக்குள்ள கண்ணளவா?”