மாவுக்கட்டு

காளியம்மாளின் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு பிடி அரிசிகூட ரப்பர் தோட்டத்து கேட்டைத் தாண்டியதில்லை. வெளியே போகும் பெண்களின் கொண்டையை அவிழ்ப்பாள், மடியை உதறுவாள், கைக்குழந்தையின் துணியைக்கூட உருவிப் பார்ப்பாள்.

"தமிழச்சியாம் தமிழச்சி! வெள்ளைக்காரனைவிட மோசம்லா இவ" என்று அவள் தலை மறைந்ததும் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கரித்துக் கொட்டுவார்கள்.

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் மருந்தும் போகக்கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டது வாஸ்தவம்தான். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்பதும் வாஸ்தவம்தான். அதற்காக இப்படியா?

அன்று காலை அந்தக் காளியம்மாளின் முன்னால்தான் லில்லியன் வரிசையில் நின்றாள். இரண்டு கைகளிலும் ஏழு வயது மகள் முரியலை ஏந்தியிருந்தாள். பிள்ளைக்கு அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டது. இன்றைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தோட்டத்து லோரி ராசா டவுன் ஸ்டேஷன்வரை போகும், அங்கிருந்து ரயில்.

முரியலுக்கு முதுகெலும்பில் எலும்புருக்கி.

அந்தப் பெயரை லில்லியன் ஒருவரிடமும் சொன்னதில்லை. கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்றே சாதித்து வந்தாள். எலும்புருக்கி என்று தெரிந்தால் பைப்படியில் தண்ணீர் பிடிக்க விடுவார்களா? பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வீடு கேட்டுத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய் நிற்க மாட்டார்களா? எலும்பில் வந்தது தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். லயத்தில் யார் அதை நம்பப் போகிறார்கள்?

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கட்டு ஒடையாம பாத்துக்கம்மா. ஒடைஞ்சா முதுகு சரிஞ்சிடும். அப்புறம் பிள்ளை நடக்காது."

அன்றைக்கென்று பார்த்து கேட்டில் ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட் நின்றிருந்தான். முரியலின் மாவுக்கட்டை விரலை மடக்கித் தட்டினான். ஏதோ சொன்னான்.

பக்கத்தில் நின்ற கிராணி தம்பிராஜா அதைத் தமிழில் சொன்னார். "வேற தோட்டத்தில ஒருத்தன் கைக்கட்டுக்குள்ள மருந்து கடத்தினவனாம். இதையும் உடைச்சுப் பார்க்க வேணுமெண்டு சொல்லுறார்."

லில்லியன் ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ, வேணாங்கய்யா! பிள்ளை மரத்துலேருந்து விழுந்துட்டா. உள்ள ஒண்ணும் இல்லைங்கய்யா!"

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார், சார்ஜன்ட் நம்பாமல் தலையை ஆட்டினான்.

"விழுந்த பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கட்டு எதுக்கெண்டு கேக்கிறார்."

லில்லியன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கட்டு தப்பும். ஆனால் முதுகுக்குப் பின்னால் லயமே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறதே! வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சார்ஜன்ட் சுத்தியல் கொண்டுவரச் சொன்னான்.

"அம்மா, வலிக்குமாம்மா?" என்றாள் முரியல்.

அப்போதுதான் காளியம்மாள் இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கட்டுக்கும் உடம்புக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவினாள். உள்ளே பிள்ளையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாள். திடீரென்று தேள் கொட்டியதுபோல் கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினாள்.

"டி.பி. துவான்! டி.பி.!" என்று சார்ஜன்ட் துரையிடம் கத்தினாள்.

அதோடு விட்டாளா? வரிசையைப் பார்த்தும் அலறினாள். "அடியே, எலும்புருக்கிடி! கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்!"

காளியம்மாள் சொல்லிவிட்டால் அந்த கேட்டில் மறுபேச்சு கிடையாது. சார்ஜன்ட் கட்டைத் தட்டிய விரலைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தான். போ, போ என்று கையை ஆட்டினான்.

பின்னால் வரிசை கலைந்தது.

"கொய்யா மரமாம்ல, கொய்யா மரம்! எம்புட்டு நெஞ்சழுத்தம்!"

"நேத்துக்கூட எங்க வீட்டுக் கிளாஸ்ல தண்ணி குடிச்சாளே, ஐயோ!"

லில்லியனுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. கட்டு தப்பிவிட்டது என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. இனி அந்த லயத்தில் எப்படிக் குடியிருப்பது? பாவி, பச்சைப் பிள்ளையை இப்படி ஊர் நடுவே நிறுத்திக் கூவிவிட்டாளே! ஆண்டவர் கேட்காமலா விடுவார்?

லோரியில் ஏறியவர்கள் எல்லோரும் முன்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் ஒரு பலகை முழுசாகக் காலியாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிவிட ஒரு கை நீளவில்லை. டிரைவர் உடையப்பனும் இறங்கவில்லை.

பக்கத்தில் வந்து பிள்ளையை வாங்கியது காளியம்மாள்தான். தோளோடு அணைத்து, கட்டு அலுங்காமல் லோரியில் ஏறி, காலிப் பலகையில் நீட்டிப் படுக்க வைத்தாள்.

"தொடாதே!" என்று சீறிக்கொண்டே லில்லியன் பின்னால் ஏறினாள். "ஒட்டிக்கும்னு ஊரைக் கூட்டினியே, இப்ப எதுக்குத் தொடுறே?"

காளியம்மாள் முரியலின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒட்டாது, எனக்குத் தெரியும். எம்மவளுக்கும் இதே சீக்குதான். வேற தோட்டத்து கேட்ல அவ கட்டை ஒடைச்சுப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அவ எந்திரிச்சு நடக்கவே இல்லை. எலும்புருக்கின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க, லில்லி. நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு நான்தான் வாயைத் திறக்கலை."