இரண்டுக்குக் கீழே

"மூணு புள்ளி ரெண்டு. நேத்தைவிட மோசம்" என்றபடி கண்ணாடியைக் கழற்றினார் டெஸ்டர். "உனக்கெல்லாம் பாஸ் மார்க் கனவுதான், போ."

அவர் மனைவி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினோராவது நாளும் தோற்றுவிட்டாள்.

டெஸ்டர் என்பது தெரு வைத்த பெயர். மின்நிலையத்தில் கொதிகலனுக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பதுதான் முப்பது வருடம் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்றதும் வேலை அவரை விட்டது. அவர் சோதனையை விடவில்லை. பேனா அளவில் ஒரு மீட்டர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். வீட்டின் ஒரே செல்போனும் அதே பையில்தான்.

காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவர் தொண்டைக்குள் இறங்காது. குக்கரில் விசில் இருக்கும் இடத்தில் ஒரு எஃகுக் குழாயைச் செருகி, ஐஸ் போட்ட வாளி வழியாக வளைத்து விட்டிருந்தார். ஒரு பாட்டில் நிறைய மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் அடுப்படியில் வேகிறவள் அவள்.

"தண்ணியில எவ்வளவு உப்போ அவ்வளவு கரண்ட் பாயும், அவ்வளவு நம்பர் ஏறும்" என்று கல்யாணமான புதிதிலேயே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "என்னதான் சுத்தமா வடிச்சாலும் அரையோ ஒண்ணோ காட்டியே தீரும். வெறுங்காத்துல பிடிச்சாத்தான் பூஜ்யம்." அவளும் தலையாட்டுவாள். அடுப்பில் ஏதாவது தீயும் வாசனை வந்தால் பாடம் பாதியில் நிற்கும்.

அவள் அம்மா பக்கவாதத்தில் விழுந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பேச்சு குழறிவிட்டது; மகள் பெயரை மட்டும்தான் தெளிவாகச் சொல்கிறாள் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.

"போ, யாரு வேண்டாம்னது?" என்றார் டெஸ்டர். "நீ இல்லாதப்போ எனக்குத் தண்ணி வேணும். ரெண்டுக்குக் கீழே ஒரு பாட்டில் வடிச்சு வச்சுட்டுக் கிளம்பு."

அவர் சொல்கிற எதுவும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் அந்த மனுஷனின் வித்தை.

தினமும் வடித்த தண்ணீரை அகன்ற டம்ளரில் ஊற்றி, "ஆறட்டும்" என்று ஓரமாக வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மீட்டர் வெளியே வரும். அதற்குள் எண் இரண்டைத் தாண்டியிருக்கும்.

அன்று சாயங்காலம் ஐஸ் வாங்கப் போன இடத்தில், பக்கத்து பேட்டரி கடைக்காரரிடம் அழாத குறையாகச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"திறந்தா வைக்கிறீங்க? காத்து பட்டா நம்பர் ஏறும்க்கா. வடிச்ச கையோட மூடி வைக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாதா?"

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். தன் கைதான் சுத்தமில்லை என்று பதினோரு நாளாகப் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

மறுநாள் காலை அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே டெஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு ரெண்டு பாட்டிலா வடிச்சுடு."

எதற்கு என்று கேட்டால் அதற்கு ஒரு பாடம் நடக்கும். பேசாமல் வடித்தாள். முதல் டம்ளரைக் கீழே கொட்டினாள். அடுத்த டம்ளரால் பாட்டில்களை அலசினாள். குழாயின் நுனியைப் பாட்டில் வாய்க்குள் விட்டுச் சுற்றிலும் அடைத்தாள். நிறைந்ததும் அடுத்த நொடி மூடி போட்டாள். இரண்டாவது பாட்டிலும் நிறையும்போது மதியம் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

"டம்ளர் வேண்டாங்க. பாட்டில்லயே பாருங்க" என்று கையோடு நீட்டினாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

திட்டு விழும் என்று காத்திருந்தாள். டெஸ்டர் பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பினார். முதுகுதான் தெரிந்தது. பத்து நொடிகூட ஆகியிருக்காது.

"பூஜ்யம்" என்றார். "கிளம்பு."

"நெஜமாவா?"

"நம்பர் பொய் சொல்லுமா? கிளம்பு, கிளம்பு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக இந்த மனுஷனை ஜெயித்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் தயாராக இருந்த பையை எடுத்தாள். அதில் அம்மாவுக்கு மெத்தென்று ஒரு நைட்டி, தலைக்கு எண்ணெய், ஒரு சீப்பு. படுத்தே கிடந்தால் முடி சிக்குப் பிடித்திருக்கும். வலிக்காமல் வாரிவிட வேண்டும்.

மணி ஒன்றரை. ஓடினால் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வாசலில் செருப்பை மாட்டும்போது, ஜெயித்த தைரியத்தில் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, அம்மாகூட ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமா?"

டெஸ்டர் இரண்டாவது பாட்டிலைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பேசிட்டு நிக்காம ஓடு. நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்."