நல்ல நிலையில் உள்ளது

"ஊஞ்சல் நல்லாத்தான சார் இருக்கு? ஒரு பெயின்ட் அடிச்சு விட்டுருவோமா?"

பூங்காப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு அளவெடுக்க வந்த புது இன்ஜினியர் சுடர்விழி கேட்டாள். மேற்பார்வையாளர் குழந்தைசாமி ஊஞ்சலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் இரண்டே மாதம்.

மீமிசல் பஸ் திரும்புகிற முக்கில்தான் பூங்கா. பதினோரு மணி வெயிலில் உள்ளே ஓர் ஈ காக்கை இல்லை. காற்றும் இல்லை. ஆனாலும் ஊஞ்சல் லேசாக ஆடியது போலிருந்தது அவருக்கு.

'இன்னும் ஒசக்க... இன்னும் ஒசக்க...'

அந்தக் குரல் ஒன்பது வருடமாக அவரை விட்டபாடில்லை. சோற்றில் கை வைத்தால் கேட்கும். செருப்பை மாட்டினால் கேட்கும்.

வந்திருக்கிற நிதி கொஞ்சம்தான். நல்ல நிலையில் இருப்பதை மாற்றக் கூடாது என்று விதி வேறு. பதிவேட்டில் ஊஞ்சலுக்கு நேரே வருடா வருடம் 'நல்ல நிலையில் உள்ளது' என்றுதான் இருந்தது. அத்தனையும் குழந்தைசாமியின் கையெழுத்து.

பார்த்துவிட்டா போட்டார்? நல்ல கதை! மார்ச் பிறந்தால் போன வருடத்துத் தாளை எதிரே வைத்துக்கொண்டு அப்படியே எழுதுவதுதான் அந்த ஆபீஸ் வழக்கம். நேரில் போய்க் கொக்கியைத் தொட்டுப் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் அப்படித்தான் எழுதினார். நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கொக்கி முறிந்து ஒரு சிறுமி விழுந்து செத்துப்போனாள். ஏழு வயது.

குழந்தையின் கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள். கொக்கிக்கு ஒரு வெல்டிங் வைத்து, மேலே பச்சை பெயின்ட்டைப் பூசிவிட்டார்கள். எல்லாம் தெரிந்தும் குழந்தைசாமி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

இனி பூங்காவைப் புதிதாகத் திறந்தால் ஊர்ப்பிள்ளைகள் அத்தனையும் ஓடிவந்து அதில்தான் ஏறும்.

"உள்ள பழைய ஒட்டும்மா. தாங்காது. மாத்தணும்னு எழுதிக்கங்க."

"விபத்து நடந்திருந்தாத்தான் சார் மாத்த விடுவாங்க."

"நடந்துச்சும்மா. ஒன்பது வருசத்துக்கு முந்தி, ஒரு சின்னப் புள்ள செத்துப்போச்சு."

சுடர்விழி விபத்துப் படிவத்தை எடுத்துவிட்டுத் தயங்கினாள். "ஆனா நீங்க எழுதுனதெல்லாம் பொய்னு ஆயிருமே. பென்ஷன்ல கை வச்சிருவாங்க."

வைத்தால் வைக்கட்டும். பேனாவை வாங்கினார்.

விபத்துக்குக் காரணம்: கொக்கியைப் பார்க்காமலே சான்று கொடுத்த மேற்பார்வையாளர், அதாவது நான்.

"அந்தப் புள்ள வீட்டுல கேஸ் கீஸ் போடலையா சார்?"

"ஆத்தாக்காரி போட்டே தீருவேன்னு நின்னா. தகப்பன்தான் தடுத்துட்டான்."

"சே, என்ன மனுஷன் சார் அவன்!"

குழந்தைசாமி தலையை ஆட்டிக்கொண்டார்.

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் இலக்கியா என்று எழுதினார். அதற்குக் கீழே தந்தை பெயர் கேட்டிருந்தார்கள்.

குழந்தைசாமி என்று எழுதி, படிவத்தை அவளிடம் கொடுத்தார்.