முன்னால் போன படகு

2004 அக்டோபர் 9, சனி. இன்றைய தவறு: மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். ஷிஜா சேச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

"எழுதித் தீந்தா எக்கா? ஆத்துக்கு லீவு லெட்டரா எழுதுகிய?"

சுஜின் ஜீப்புக்குள் தலையை நீட்டினான். இசக்கிசெல்வி டைரியை பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கைக்கு அடியில் செருகினாள். இருவரும் திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரே மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறவர்கள். சும்மா இருந்தவளை ஒற்றை ஆள் கயாக் படகு ஓட்டும் பயிற்சிக்கு இழுத்து வந்ததே அவன்தான்.

"பேசாம இருடே."

கல்லாறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. தூறல் விடவில்லை. பயிற்சி கொடுக்கும் ஷிஜா, இருவரின் லைஃப் ஜாக்கெட் வாரையும் இழுத்து இறுக்கினாள். மூன்று பேர் தலையிலும் படகு கிளப்பின் ஒரே மாதிரி ஆரஞ்சு ஹெல்மெட்.

"கேட்டோ, ராத்திரி மழையில வெள்ளம் கூடியாச்சு. போன வாரம் போன வழி இன்னைக்குக் கிடையாது. இரட்டைப்பாறைக்குக் கீழே ஒரு மரம் விழுந்து கிடக்கு. அது அடியில மாட்டினா படகு மட்டும்தான் வெளிய வரும். ஆள் வராது. மனசிலாச்சா?"

இசக்கிசெல்வி ஆற்றை எட்டிப் பார்த்தாள். "அப்போ எப்படி சேச்சி போறது?"

"அங்க நான் தண்ணியப் பார்த்துட்டு வழி சொல்லுவேன். நான் முன்னால, நீ நடுவுல, சுஜின் கடைசி. என் பின்னாலேயே வந்தா போதும்."

"எனக்கு அவசரத்துல எடது வலது குழம்பிரும் சேச்சி."

"நான் திரும்புற பக்கத்த வாய்விட்டுச் சொல்லிட்டே வா மோளே. வாய் சொன்னா கை செய்யும்."

"எக்கா வாயிக்கி ஆறே வழி விடும்," என்று சுஜின் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினான்.

"விளையாட்டுக்கு அத ஊதாதேன்னு எத்தன தடவ சொல்லுறது?" ஷிஜா அதட்டினாள்.

தண்ணீர் சரிந்து பாயும் முதல் இரண்டு இறக்கங்களும் நல்லபடியாகவே முடிந்தன. படகு இரண்டு முறை ஆடியது, கவிழவில்லை. இரட்டைப்பாறைக்குச் சற்று மேலே, ஒரு பெரிய கல்லின் மறைவில் தண்ணீர் அடங்கிக் கிடந்த இடத்தில் மூவரும் ஒதுங்கினார்கள். தூறல் கொட்டும் மழையானது. இசக்கிசெல்வியின் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியிருந்த ரப்பர் உறை நழுவி, படகுக்குள் தண்ணீர் ஏறியது. குனிந்து அதை இழுத்து மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

ஆரஞ்சு ஹெல்மெட் அதற்குள் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

சேச்சி சொல்லாமலே போய்விட்டாளா? இருக்காது, சொல்லியிருப்பாள். எனக்குத்தான் கேட்டிருக்காது. எதையும் ஒழுங்காகக் கேட்பதில்லை. இசக்கிசெல்வி பதறித் துடுப்பைப் போட்டாள்.

பின்னால் விசில் அலறியது. இந்த நேரத்திலுமா இவனுக்கு விளையாட்டு? அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

படகின் மூக்கு கீழே குத்தியது. முகத்தில் தண்ணீர் அறைந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்குப் பாறை எது, நுரை எது என்று தெரியவில்லை. தெரிந்தது அந்த ஆரஞ்சுப் புள்ளி மட்டும். அது சாய்ந்தது.

"எடது!" தொண்டை கிழியக் கத்தினாள். கையும் கூடவே போனது. "எடது! எடது!"

புள்ளி நுரையில் மறைந்து மறுபடி எழுந்தது. கொஞ்சம் அசைந்தது.

"வலது! வலது!"

பக்கத்திலேயே கறுப்பாய் ஏதோ நீண்டது. விழுந்த மரம். ஒரு கிளை ஹெல்மெட்டைக் கீறிக்கொண்டு போனது. அவள் கத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கையும் நின்றுவிடும் என்று தோன்றியது.

திடீரென்று இரைச்சல் பின்னால் போனது. படகு தண்ணீர் அடங்கிய அகலமான கயத்தில் மெல்ல மிதந்தது.

"வந்துட்டேன் சேச்சி!" அழுகையும் சிரிப்புமாக முன்னால் நின்ற படகை நெருங்கினாள். "நான் கவிழல சேச்சி! நீங்க மட்டும் முன்னால இல்லேன்னா..."

முன்படகு திரும்பியது. உதடு வெளுத்துப்போய் அதில் உட்கார்ந்திருந்தவன் சுஜின்.

"நீயா? சேச்சி எங்கடே?"

"ஒங்களுக்குப் பின்னால வரல்லியா எக்கா?"

கரையில் புதரை விலக்கிக்கொண்டு ஷிஜா ஓடி வந்தாள். படகும் இல்லை, துடுப்பும் இல்லை. மூச்சு வாங்கியது.

"அய்யோ, ரெண்டும் உயிரோட இருக்கா! கரையேறி நின்னு பார்த்தேன். இன்னைக்கு அதுல வழியே இல்ல, படகைத் தூக்கிட்டு நடக்கலாம்னு சொல்லத்தான் விசில் ஊதினேன். ஆரு ஒங்கள இறங்கச் சொன்னது?"

"நான் எறங்கல்ல சேச்சி, தண்ணி இழுத்துட்டுப் போச்சு." சுஜினுக்குப் பல் தந்தியடித்தது. "கண்ணத் தொறக்கவே முடியல்ல. எக்கா, நீங்க பின்னால இருந்து எடது, வலதுன்னு கத்துனியளே, அந்தச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுத்தானே நான் திருப்புனேன்!"

இசக்கிசெல்வி தான் இறங்கி வந்த நுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எந்தப் பக்கம் சாய்ந்தானோ அந்தப் பக்கத்தைத்தான் அவள் கத்திக்கொண்டு வந்தாள்.

ஜீப்புக்குத் திரும்பியதும் டைரியை எடுத்தாள். ஒரு வரிதான் எழுத முடிந்தது.

நாளைய வேலை: கரை வழியாக நடந்து போய், நாங்கள் எந்த வழியாக வந்தோம் என்று பார்க்க வேண்டும்.