பர்மனென்ட் வேலையாம்!

"இப்பல்லாம் எவனைப் பார்த்தாலும் கழுத்துல ஒரு ஐடி கார்டை மாட்டிக்கினு 'கம்பெனி ஆளு'ன்றான். உனக்கு இன்னா வேணும்?"

பென்னலூர் தெருமுனையில் நின்றிருந்த பெரியவர் இப்படிக் கேட்டதும், ஃபிரடி பைக்கை விட்டு இறங்கினான்.

"பதினாலாம் நம்பர் வீடு எதுங்க ஐயா?"

"எல்லா வூட்லயும் ரெண்டு நம்பர் கீது. பழசா, புதுசா?"

"புதுசு."

"புதுசு எவனுக்கும் தெரியாது."

"மணிகண்டபிரபுன்னு ஒருத்தர் வீடு. இப்ப கான்ட்ராக்ட்ல இருக்கார். கார் கம்பெனியில வேலைக்கு எடுத்திருக்காங்க. இந்த விலாசத்துலதான் இருக்காரான்னு பார்த்து, தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அவ்ளோதான்."

"இன்னிக்குக் கையெழுத்து, நாளைக்கு ஆதாரா? போன வருசம் இப்படித்தான் ஒருத்தன், வேலைன்னு சொல்லி தெருவுல பாதிப் பேரு ஆதாரை வாரிக்கினு போனான்."

"நான் அந்த மாதிரி இல்ல ஐயா. இது பர்மனென்ட் வேலை."

பெரியவர் சிரித்தார். "மாட்டிக்கினியா! பதினோரு மாச கான்ட்ராக்ட்னு சொல்லியிருந்தாகூட நம்பியிருப்பேன். இந்த ரோட்டுல எந்தக் கம்பெனிக்காரன்யா பர்மனென்ட் குடுக்கறான்?"

"சத்தியமா ஐயா. அவருக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்."

"ஷிஃப்ட்ல கீறவன் போனைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வெச்சிடுவாங்க. இதுகூடத் தெரியல, நீ கம்பெனி ஆளா?"

"அப்போ அவரைத் தெரியுமா?"

"தெரியாது. பொதுவாச் சொன்னேன்."

ஃபிரடி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அஞ்சு மணிக்குள்ள நான் ரிப்போர்ட் அனுப்பலைன்னா, வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும். பாவம், மூணு இன்டர்வியூ தாண்டி வந்திருக்கார். அவங்க அப்பா கன்னியப்பனையாவது தெரியுமா?"

"அவனா? செத்து நாலு வருசமாச்சு. குடும்பமே காலி பண்ணிக்கினு போயிடுச்சு."

'இந்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று போனில் தட்டி அனுப்பிவிட்டு ஃபிரடி கிளம்பினான்.

பைக் சத்தம் கேட்டு, நாலு வீடு தள்ளியிருந்து பெரியவரின் மனைவி மரகதம் ஓடிவந்தாள்.

"யாருய்யா அது? வேலைக்கு விசாரிக்க ஆள் வரும், வந்தா உக்கார வைம்மான்னு நம்ம பிரபு சொல்லிட்டுப் போச்சே!"

"நம்ம புள்ளைக்குப் பர்மனென்டாம், அதை நான் நம்பணுமாம்!" என்றபடி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார் கன்னியப்பன்.