பாணில் பிடிக்கிற பூஞ்சணம்

"பழைய பாணில் பிடிக்கிற அதே பூஞ்சணம்தான்" என்று டொக்டர் சொன்னபோது அருந்ததிக்கு எரிச்சல்தான் வந்தது.

பேக்கரிப் பாணில் பிடித்தால் பாணைத் தூக்கி எறியலாம். அம்மாவின் முகத்தில் பிடித்ததை எங்கே எறிவது?

கட்டிலில் கிடந்த பூரணத்தின் வலக்கண் வீங்கி மூடியிருந்தது. மூக்கோரம் கரி பூசியது மாதிரிக் கறுத்திருந்தது.

நல்ல உடம்பில் இது வேர் விடாது, சலரோகம் கட்டுமீறி இரத்தத்தில் சீனி ஏறியதால் எதிர்த்து நிற்க உடம்பில் பலமில்லை, இன்றைக்கே கண்ணை எடுக்காவிட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்றார் டொக்டர். போகிற போக்கில், "இன்சுலின் ஊசி ஒழுங்காப் போட்டவவோ?" என்றும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது.

கந்தசஷ்டி விரதம் பிடிக்கத்தான் வேண்டுமென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோது, ஒருநேரமாவது சாப்பிட வேண்டும், ஊசியை விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். விடிய எழும்பி ஊசியை அவித்து, மருந்தை இழுத்துக் கையில் கொடுத்தவளும் அவள்தான். தொடையில் போடுகிற ஊசி என்பதால் அம்மா தனியாகப் போய்ப் போட்டுக்கொள்வாள்.

டொக்டர் அப்பால் போனதும் பூரணம் மற்றக் கண்ணைத் திறந்தாள்.

"கந்தசட்டி முடியுமட்டும் போடேல்லை, பிள்ளை. அது மாட்டின்ரை குடலிலையிருந்து எடுக்கிறதாம். விரதத்திலை மச்ச மாமிசம் உடம்பிலை ஏறலாமே? வாழையடியிலை ஊத்திப்போட்டன்."

அருந்ததிக்குக் கட்டிலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காய்ப் போயிற்று. அம்மாவோடு கோபிப்பதா, முருகனோடு கோபிப்பதா என்றே தெரியவில்லை.

"ஆருக்காக அம்மா உந்த விரதம்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆருக்காக என்று ஊருக்கே தெரியும். கலியாணமாகி வருசங்கள் போயும் மடியில் ஒரு பிள்ளையில்லாத மகளுக்காக.

பூரணம் சிரிக்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு பாதி அசையவில்லை.

"ஒரு கண் போனால் போகட்டும். பேரப்பிள்ளையைப் பாக்க மற்றது இருக்குத்தானே."

அருந்ததி குனிந்து அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

முன்பொரு முறை அவசரப்பட்டு ஊரெல்லாம் சொன்ன பிறகு, கரு தங்காமல் கலைந்துபோனது. இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை என்று இருந்தாள்.

அம்மா விரதம் தொடங்கிய காலையில், கிணற்றடியில் ஒருவருக்கும் தெரியாமல் வாந்தியெடுத்துவிட்டு வந்துதான் அவள் ஊசியை அவித்தாள்.